கும்பிட்டு வாங்கிய கோல்

சிரித்தது போதும். போன மாதம் பழைய மாணவர் கூட்டத்தில் நம் வகுப்பில் படித்து இன்று கான்ட்ராக்டராக இருப்பவன் மைக்கைப் பிடித்து அந்தக் கதையை மறுபடி எடுத்துவிட்டான். கோல்கீப்பர் ஆட்டத்துக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று எப்படிக் கும்பிட்டான் என்று மேடையில் நடித்தும் காட்டினான். நீங்கள் எல்லோரும் பிரியாணி புரையேறும் அளவுக்குச் சிரித்தீர்கள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் உண்டு. நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து வந்துவிட்டேன். சர்க்கரை ஏறிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்திருப்பீர்கள். எனக்கு ஏறியது சர்க்கரை இல்லை.

நமக்கெல்லாம் அறுபது நெருங்குகிறது. உங்கள் பேரன்கள் இன்று யாரோ ஒரு வெளிநாட்டுக்காரனின் பெயர் போட்ட பனியனை மாட்டிக்கொண்டு, சென்னை ரோட்டோரம் பச்சைப் பாய் விரித்து வலை கட்டிய இடத்தில் வாடகை கொடுத்து ஃபுட்பால் ஆடுகிறார்கள். நீங்கள் வேலிக்கு வெளியே நின்று வீடியோ எடுத்து, ‘என் பேரன் லெஃப்ட் விங்’ என்று வாட்ஸ்அப்பில் போடுகிறீர்கள். லெஃப்ட் விங்காம்! நம் திருத்தணிப் பள்ளியில் லெஃப்ட் விங் ஆடியவன் நான். அந்த வார்த்தையை அன்று நான் வாயால் சொன்னதற்கு, ‘கெட்ட வார்த்தையா?’ என்று கேட்ட ஊர் இது. அதனால் நடந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டுவிட்டு அப்புறம் சிரியுங்கள்.

கோல்கீப்பர் எனக்கு மாமன் மகன், அம்மாவின் அண்ணன் பையன். என்னைவிட இரண்டு வகுப்பு மூத்தவன். எங்கள் வீட்டில் தமிழும் தெலுங்கும் ஒரே பானையில் வெந்தவை என்பதால் அவன் எனக்குப் பாவா. அவன் கை நீளம். உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கைகளை எங்கே வைப்பது என்றே அவனுக்குத் தெரியாது. வகுப்பில் வாத்தியார்கள் அவனைக் கண்டால் எரிந்து விழுவார்கள். வீட்டில் மாமாவும் அப்படித்தான். கோலுக்கு நடுவில் போய் நின்றால் மட்டும் அந்தக் கைகளுக்கு வேலை வந்துவிடும். பந்தை அடிப்பதற்கு முன்பே அது வரப்போகிற பக்கம் சாய்ந்திருப்பான். வேறு எந்த இடத்திலும் அவன் நிமிர்ந்து நின்று நான் பார்த்ததில்லை.

பள்ளிக்கு அப்போது ஒரே ஒரு பந்துதான் இருந்தது. கெட்டியான பழுப்புத் தோல், உள்ளே ரப்பர் பிளாடர், வாயில் செருப்பு வார் மாதிரி ஒரு லேஸ். சைக்கிள் பம்பில் காற்றடித்து, பிளாடரின் வாலை மடித்து உள்ளே திணித்து, லேஸை இழுத்துக் கட்டுவதற்குள் விரல் சிவந்துவிடும். வாராவாரம் விளக்கெண்ணெய் தடவி வெயிலில் காய வைப்போம். அந்த வாசனை, எண்ணெயும் தோலும் புழுதியும் கலந்த அந்த வாசனை, இன்றைய பந்துகளில் இல்லை. மழையில் நனைந்தால் பூசணிக்காய் கனம் கனக்கும். அதைத் தலையால் முட்டினால் லேஸின் தடம் நெற்றியில் பதிந்துவிடும். என் நெற்றித் தடத்தைப் பார்த்துவிட்டு எங்கள் பெரியம்மா பந்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்று சொல்லிவிட்டாள்.

“மாட்டுத் தோலுடா அது. சாமி படம் இருக்கிற ஊட்ல எட்டாந்து வெச்சிகினு! வெளிய போடு.”

நான் வெளியே போட்டேன். அந்த வருட ஆயுத பூஜைக்கு அதே பெரியம்மா, தன் மகனின் கிரிக்கெட் பந்துக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, பொரிகடலைத் தட்டுக்குப் பக்கத்தில் சாமி படத்துக்கு முன்னால் வைத்தாள். அந்தப் பந்து என்ன வாழைநாரிலா செய்தது? மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம். எங்கள் ஊரில் ஃபுட்பால் மருமகளாக வாழ்ந்தது.

உங்கள் அப்பாக்கள் சொன்னதெல்லாம் எனக்கு ஒன்றுவிடாமல் நினைவிருக்கிறது. சாயங்காலம் டீக்கடையில் டீ வாங்கிக்கொண்டு நேராக மைதானத்து ஓரம் வந்து நிற்பார்கள். ஐந்து நிமிடம் பார்ப்பார்கள். பிறகு ஆரம்பிப்பார்கள்.

“இன்னாப்பா இது, இம்மாம் நேரம் ஓடிகினே கீறானுங்க, ஒரு கோல் கூட வுழல?”

“கடசில இன்னா ஆவும்?”

“யாருமே ஜெய்க்கலன்னா டிராவாம்.”

“அடச்சீ! அதுக்கு இன்னாத்துக்கு ஆடணும்? ஊட்ல படுத்துத் தூங்கலாமே.”

இதைச் சொன்னவர்கள் யார்? ஐந்து நாள் ஆட்டத்தை டிரான்சிஸ்டரில் ஐந்து நாளும் கேட்பவர்கள். வயலுக்குத் தண்ணீர் கட்டும்போதும் வரப்பில் அதை வைத்துக் கேட்பவர்கள். ஐந்தாம் நாள் முடிவில் அது டிரா என்றால், “மேட்ச்ச காப்பாத்திட்டாங்கப்பா” என்று உருகுபவர்கள். எங்கள் ஆட்டத்தில் ஆஃப்சைடு என்றால் தலை சுற்றும். எல்.பி.டபிள்யூவைப் பற்றி மட்டும் நீதிபதி மாதிரி பேசுவார்கள். இது வெள்ளைக்காரன் ஆட்டம் என்று ஒருவர் சொன்னார், கையில் பேட்டை வைத்துக்கொண்டு. நாட்டுக்கு உலகக் கோப்பை வந்த பிறகு கேட்கவே வேண்டாம். கோவணம் கட்டிய குழந்தைகூடத் தென்னை மட்டையோடு திரிந்தது. எனக்குக் கிரிக்கெட் மேல் கோபமில்லை, நானும் ஆடியிருக்கிறேன். ஒரு ஊரில் இரண்டு ஆட்டம் இருக்க முடியாது என்று முடிவு கட்டினவர்கள் மேல்தான் கோபம்.

எங்களுக்கென்று இருந்த ஒரே பெரியவர் பி.டி. மாஸ்டர். வடசென்னைக்காரர். அங்கே தெருவுக்குத் தெரு ஃபுட்பால் டீம் உண்டு என்று அவர் சொன்னபோது அது ஏதோ சீமை நாடு மாதிரி எங்களுக்குக் கேட்டது. வெறுங்காலோடு ஆடிய எங்களுக்கு முதலில் மைதானத்து நெருஞ்சி முள்ளைப் பிடுங்கக் கற்றுக்கொடுத்தார். பிறகு ஓடக் கற்றுக்கொடுத்தார். அம்மையார்குப்பத்திலிருந்து பஸ்ஸில் வந்து படித்த ஒரு நெசவாளர் வீட்டுப் பையன் எங்களுக்கு டிஃபென்ஸ். அவன் தறியில் மிஞ்சிய நூலையெல்லாம் சேர்த்து முறுக்கி, வீட்டாரோடு உட்கார்ந்து கோலுக்கு ஒரு வலை பின்னிக் கொண்டுவந்தான். சிவப்பு, பச்சை, மாம்பழ மஞ்சள். சேலைக் கடை மாதிரி இருந்தது. பாவா அந்த வலைக்கு முன்னால் நின்ற முதல் நாள், பந்து உள்ளே போனால் வலைக்கு வலிக்கும் என்பதுபோல் ஆடினான். ஒன்றையும் விடவில்லை.

அந்த ஆடி மாதம் ஹெட்மாஸ்டர் எங்களைக் கூப்பிட்டார். ஊரின் பெரிய மனிதர்கள் சிலர் மைதானத்தின் நடுவில் கிரிக்கெட்டுக்கு சிமென்ட் பிட்ச் போட்டுத் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். நடுவில் பிட்ச் வந்தால் ஃபுட்பால் கிடையாது. பி.டி. மாஸ்டர் எங்களுக்காக எவ்வளவோ பேசிப் பார்த்திருக்கிறார். கடைசியில் ஹெட்மாஸ்டர் ஒரு வழி சொன்னார். பக்கத்து ரயில்வே ஊர்ப் பள்ளி டீமோடு ஊர் பார்க்க ஒரு மேட்ச். ஜெயித்தால் கோல் போஸ்ட் நிற்கும், தோற்றால் பிடுங்கப்படும்.

“எப்ப சார் மேட்ச்?” என்றார் பி.டி. மாஸ்டர்.

“ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள். அன்னிக்குத்தான் ஊர்ல எல்லாரும் இருப்பாங்க.”

“காவடி வருமே சார். ரோடு பூரா கூட்டமா இருக்குமே.”

“அதெல்லாம் முருகன் பாத்துப்பாரு. நீங்க பசங்கள ரெடி பண்ணுங்க.”

முருகன் மேல் பாரத்தைப் போட்டுவிட்டு ஹெட்மாஸ்டர் ஃபைலைத் திறந்துவிட்டார். எனக்கு இப்போது ஒரு விஷயம் உறைக்கிறது. அந்த வாரமே எங்கள் ஸ்டோர் ரூமில் சிமென்ட் மூட்டைகள் வந்து இறங்கியிருந்தன. பந்துக்கு லேஸ் கட்ட நாங்கள் அந்த மூட்டைகள் மேல்தான் உட்கார்ந்தோம். டவுசரில் ஒட்டிய சாம்பல் தூசியைத் தட்டிவிட்டுக்கொண்டு போனோமே தவிர, இது எதற்கு வந்திருக்கிறது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைகள் நம்புவார்கள் என்று பெரியவர்களுக்குத் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் அவர்கள் காலம் ஓடுகிறது.

பாவா எதையும் சந்தேகப்படவில்லை. தினமும் விடிவதற்குள் மைதானத்துக்கு வந்துவிடுவான். நான் இடது பக்கத்திலிருந்து அடிப்பேன், அவன் பிடிப்பான். “போஸ்ட்ட புடுங்கிட்டா நான் எங்கடா நிப்பேன்?” என்று ஒருநாள் கேட்டான். விளையாட்டாகத்தான் கேட்டான் என்று நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

மேட்ச் நாள். நம் ஊர் கிருத்திகைக் கூட்டத்தைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மஞ்சள் துணி, மொட்டைத் தலை, சந்தனம், பம்பைச் சத்தம், தமிழிலும் தெலுங்கிலும் அரோகரா. மைதானத்துக்கு ஒரு பக்கம் மதில் கிடையாது, ரோடுதான். அந்த ரோட்டுப் பக்கம் ஒரு கோல். புஷ்பக் காவடிகள் அந்தக் கோலுக்குப் பின்னாலேயே மலையடிவாரத்துக்குப் போய்க்கொண்டிருந்தன. காவடி நம்மைக் கடந்து போகும்போது நின்று, திரும்பி, கும்பிட வேண்டும். நடக்கிறவன் நிற்பான். சைக்கிளில் போகிறவன் இறங்குவான். டீ குடிக்கிறவன் டம்ளரைக் கீழே வைப்பான். நமக்கு இதை யாரும் சொல்லித்தரவில்லை, தாய்ப்பாலோடு வந்தது. பி.டி. மாஸ்டருக்கு இது நம் அளவுக்குத் தெரியாது. ஆட்டத்துக்கு நடுவில் காவடி வந்தால் என்ன செய்வது என்று அவரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

முதல் பாதியில் ஒரு காவடி வந்தது. அந்த நேரம் பந்து எல்லைக்கு வெளியே உன்னிச்செடிப் புதருக்குள் போயிருந்தது. இரண்டு டீமும் கும்பிட்டோம், ரெஃப்ரியும் விசிலைக் கழுத்தில் தொங்கவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். காவடி போனது, பந்து வந்தது, ஆட்டம் தொடர்ந்தது. காவடி வந்தால் ஆட்டம் நிற்கும் என்று நாங்கள் எண்ணிக்கொண்டது அதனால்தான்.

இரண்டாம் பாதியில் ரோட்டுப் பக்கத்துக் கோல் எங்களுடையதாயிற்று. அன்று பாவா ஆடிய ஆட்டத்தைப் பற்றி உங்களில் ஒருவராவது பேசியிருக்கிறீர்களா? ஒரு பந்தை விரல் நுனியால் தட்டிக் கம்பத்துக்கு மேலே அனுப்பினான். ஒருவன் தனியாக வந்தபோது அவன் காலடியிலேயே விழுந்து பந்தைக் கட்டிக்கொண்டான், முழங்கைத் தோல் உரிந்து தொங்கியது. டீ டம்ளரோடு வந்தவர்கள் ஐந்து நிமிடம் தாண்டியும் போகாமல் நின்றார்கள். கிரிக்கெட்காரர்கள்கூட வாயை மூடிக்கொண்டு பார்த்தார்கள். மாமா கூட்டத்தின் முன் வரிசைக்கு வந்து, “நம்ம பையன்தான், ஆங், என் பையன்தான்” என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னதை நான் என் காதால் கேட்டேன். அதற்கு முன் அவர் அப்படிச் சொல்லி யாரும் கேட்டதில்லை.

ஆட்டம் முடிகிற நேரம். இரண்டு பக்கமும் கோல் இல்லை. அவர்கள் டீமில் ஒருவன் பந்தோடு எங்கள் பக்கம் வந்துகொண்டிருந்தான். அப்போது பாவாவின் முதுகுக்குப் பின்னால் பம்பை அதிர்ந்தது. பெரிய காவடி, பூவால் மூடியது, மயிற்பீலி ஆடியது. தூக்கியவருக்கு அருள் வந்து அந்த இடத்திலேயே நின்று ஆட ஆரம்பித்துவிட்டார். கூட்டம் மொத்தமும் ரோட்டுப் பக்கம் திரும்பியது. பாவா திரும்பவில்லை. அவன் பந்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அவன் திரும்பவில்லை.

“டேய்!” என்று ஒரு குரல். மாமாவின் குரல். “சாமி வந்து நிக்குது, முதுவக் காட்டிகினு நிக்கிறியே! திரும்பிக் கும்புடுறா!”

அதற்கு மேல்தான் பாவா திரும்பினான். கை குவித்தான். எங்கள் டிஃபென்ஸ் கை குவித்தது. நானும் நின்ற இடத்தில் கை குவித்தேன். அவர்களுடைய பையன் கண் பந்திலேயே இருந்தது. அடிக்கக்கூட இல்லை, தள்ளிவிட்டான். அவன் மேல் எனக்கு அன்றும் கோபமில்லை, இன்றும் இல்லை. பந்து பாவாவின் காலுக்குப் பக்கத்தில் மெல்ல உருண்டு போய் அந்த நூல் வலையில் படுத்தது.

காவடி நகர்ந்ததும் கன்னத்தில் போட்டுக்கொண்டு எல்லோரும் திரும்பினார்கள். வலையில் பந்தைப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரித்தார். அப்புறம் மைதானமே சிரித்தது. பி.டி. மாஸ்டர் ரெஃப்ரியிடம் ஓடினார். “பால் ஆட்டத்துல இருந்துச்சு சார், நான் விசில் ஊதலையே” என்றார் ரெஃப்ரி. சட்டப்படி அது சரிதான்.

“கும்புட்டு கோல் வாங்கிகினான்பா!” என்று ஒருவர் கத்தினார். பாவா மாமாவைப் பார்த்தான். ‘நான்தான் அவனைத் திரும்பச் சொன்னேன்’ என்று அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். மாமா சுற்றிலும் பார்த்தார். எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரும் சிரித்தார். சிரித்துவிட்டு, “மடப் பையன்” என்றார்.

மறுநாள் கிருத்திகை. அதற்கு அடுத்த நாளே கோல் போஸ்ட்டாக நின்ற சவுக்குக் கட்டைகளைப் பிடுங்கிவிட்டார்கள். அவ்வளவு வேகமாக நம் ஊரில் வேறு எந்தக் காரியம் நடந்து நான் பார்த்ததில்லை. வலையைக் கிரிக்கெட் பிராக்டிஸுக்குக் கட்டினார்கள். முதல் பந்திலேயே அது கிழிந்தது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பந்து ஸ்டோர் ரூமில் காற்றுப் போய்ச் சுருங்கிக் கிடந்து, பிறகு காணாமல் போனது. பாவாவுக்கு எங்கே போனாலும் அதே வரவேற்பு. கடைக்குப் போனால் கடைக்காரர் கை குவிப்பார். நம் வகுப்பு வாசலைக் கடந்து போனால் மொத்த வகுப்பும் எழுந்து நின்று கை குவிக்கும். உங்களைத்தான் சொல்கிறேன். அவன் யாரையும் திருப்பி அடிக்கவில்லை. அந்த நீளக் கைகளை டவுசர் பாக்கெட்டில் திணித்துக்கொண்டு நடக்கப் பழகிக்கொண்டான்.

அடுத்த மாதக் கிருத்திகைக்குள் சிமென்ட் பிட்ச் காய்ந்துவிட்டது. அந்தக் கிருத்திகை அன்றைக்கே முதல் கிரிக்கெட் மேட்ச். ஹெட்மாஸ்டருக்குப் பந்தலில் நாற்காலி. பி.டி. மாஸ்டருக்கு ஒரு வெள்ளைக் கோட்டு மாட்டி அம்பயராக நிறுத்தியிருந்தார்கள், வேறு என்ன செய்வார் பாவம், பிழைப்பு. ஊரே வந்திருந்தது. மாமா வந்திருந்தார். நானும் பாவாவும் பிடுங்கிய கோல் போஸ்ட்டின் குழி இருந்த இடத்தில் நின்றோம்.

பேட்டிங் டீம் ஜெயிக்க இன்னும் கொஞ்சம் ரன்தான் இருந்தது. பவுலர் ஓட ஆரம்பித்தான். அப்போது பம்பைச் சத்தம். ஒரு காவடி. பவுலர் பாதி ஓட்டத்தில் நின்றான். பேட்ஸ்மேன் மட்டையை அக்குளில் இடுக்கிக்கொண்டு கை குவித்தான். பீல்டர்கள் எல்லோரும் திரும்பினார்கள். பந்து பவுலரின் கைக்குள்ளேயே பத்திரமாக இருந்தது. ஒன்றும் கெட்டுவிடவில்லை.

“பாத்தீங்களா பசங்கள!” என்றார் பந்தலில் ஒருவர். “ஆட்டத்துக்கு நடுவுல கூட சாமிய மறக்கல பாரு.”

“அதான்பா வளப்பு” என்றார் ஹெட்மாஸ்டர். அவர் கண் கலங்கியிருந்தது.

நான் பாவாவைத் திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் கும்பிட்டுக்கொண்டிருந்த அந்த மைதானத்தில் அவன் ஒருவன் மட்டும் பாக்கெட்டிலிருந்து கையை எடுக்கவில்லை. காவடியைப் பார்த்தபடி நின்றான். மாமா அதைப் பார்த்துவிட்டார். காவடி கடந்து போகும்வரை பொறுத்தார். பிறகு கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்து, ஊர் பார்க்க, அவன் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

“சாமிக்குக் கை தூக்க மாட்டியா நீ? அவ்ளோ திமிரா?”

வேண்டாத பெண்டாட்டி கை பட்டாலும் குற்றம், கால் பட்டாலும் குற்றம் என்பார்கள். பாவா கன்னத்தைத் தொடவில்லை. கையை அப்போதும் வெளியே எடுக்கவில்லை. அவன் குரல் அவ்வளவு சத்தமாக வந்து நான் கேட்டதில்லை.

“கும்புட்டா சிரிச்சீங்க. கும்புடலன்னா அடிக்கிறீங்க. நான் இன்னாதான் நைனா பண்றது?”

மாமாவின் வாய் திறந்தது. ஏதோ சொல்லத்தான் வந்தார். சொல்லியிருப்பார் என்று இன்றும் நம்ப ஆசைப்படுகிறேன். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் அவர் தோளைத் தட்டினார்.

“கம்முனு நில்லுப்பா, மறைக்காத. பவுலரு ஓடியாறான்.”

மாமா ஒதுங்கி நின்று ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.